உயர்நிலைப் பள்ளியில் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எந்த உதவி? சிங்கப்பூர்ப் பெற்றோருக்கு ஓர் ஒப்பீடு

உயர்நிலை ஒன்றுக்கு வந்த பிள்ளை ஒரு பத்தியை வாசிக்கத் திணறுகிறது என்று தெரிந்ததும், பெரும்பாலான குடும்பங்கள் முதலில் தேடுவது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு துணைப்பாட நிலையம். அடுத்து, புத்தகக் கடையில் கருத்தறிதல் பயிற்சிப் புத்தகம் இரண்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மதிப்பெண் கொஞ்சம் ஏறியிருக்கலாம். வாசிப்பு பழையபடியே இருக்கும். பிள்ளை சோம்பல்பட்டதாக வீட்டில் பேச்சு வரும். பல வேளைகளில் நடந்தது வேறு: பழுது எங்கே இருந்ததோ அங்கே யாரும் கை வைக்கவில்லை.

இந்த வயதில் தேர்வு ஏன் கடினமாகிறது என்றால், பள்ளியின் முறையான வாசிப்பு உதவிகள் கீழ்வகுப்புகளில்தான் குவிந்திருக்கின்றன. கல்வி அமைச்சின் கற்றல் ஆதரவுத் திட்டம் தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு. டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) உள்ளவர்களுக்குப் பள்ளியிலேயே நடக்கும் சீர்திருத்த வகுப்புகள் தொடக்கநிலை 3, 4இல். இரண்டுமே ஆங்கில வாசிப்புக்கானவை. உயர்நிலைக்கு வந்ததும் ஆசிரியர்கள் ‘வாசிக்கத் தெரியும்’ என்று வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார்கள். அறிவியல், வரலாறு, புவியியல் எல்லாமே நீண்ட வாக்கியங்களில் வருகின்றன. 2024 முதல் உயர்நிலை ஒன்றில் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. பல பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 (ஜி3தான் கடினமானது) என அவரவர் நிலைக்கேற்ப எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாடத்தின் நிலையை இறக்குவது வாசிப்பைச் சரிசெய்வதாகாது.

முதலில் பழுதைக் கண்டுபிடியுங்கள்

பணம் கட்டுவதற்கு முன் வீட்டிலேயே அரை மணி நேரத்தில் மூன்று சோதனைகள் செய்துவிடலாம். அதற்கும் முன்னால் கண் பரிசோதனை, காது கேட்கும் திறன் இரண்டையும் பார்த்துவிடுங்கள். கண்ணாடி மாற்றி இரண்டு ஆண்டு ஆன பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சி கொடுப்பது வீண் வேலை.

முதல் சோதனை, தனிச்சொல். இருபது சொற்களைத் தாளில் பெரிதாக எழுதுங்கள். பத்து உண்மையான நீண்ட சொற்கள். பத்து பொருளே இல்லாத சொற்கள். தமிழில் ‘தொழைகிணம்’, ‘வெரிப்பானேடு’, ‘மோளங்கறை’ போல நீங்களே உருவாக்கலாம். பொருளில்லாத சொல் எதற்கு? பதின்ம வயதுப் பிள்ளைகள் முதல் எழுத்தையும் சொல்லின் நீளத்தையும் பார்த்து ஊகிப்பதில் கெட்டிக்காரர்கள். பழகிய சொல்லில் அந்த ஊகம் பலித்துவிடும். தெரியாத சொல்லில் பலிக்காது. பத்தில் மூன்றுக்கு மேல் தவறினால் எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் வழியிலேயே ஓட்டை இருக்கிறது.

இரண்டாவது, சரளம். பிள்ளை முன்பு பார்த்திராத பாடப்பகுதியை ஒரு நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணுங்கள். ஆங்கிலத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் 2017இல் வெளியான வாசிப்பு வேக அட்டவணைப்படி ஆறாம் வகுப்பு முடியும்போது நடுத்தர மாணவர் நிமிடத்துக்கு 146 சொற்களைச் சரியாக வாசிக்கிறார். நூற்றுக்கும் கீழே இருந்தால் கவலைப்படத்தான் வேண்டும். இந்த எண்ணைத் தமிழுக்குப் பொருத்தாதீர்கள். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லாக விரிவது தமிழில் ‘பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரே சொல்லாக நிற்கும். தமிழில் பிள்ளையின் இன்றைய எண்ணை அதன் அடுத்த மாத எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதே தரத்திலுள்ள வேறொரு பகுதியை நீங்கள் வாசித்துக் காட்டி, “என்ன சொல்லியிருக்கு?” என்று கேளுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்திலும் சரளத்திலும். கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல்வளம், பொது அறிவு, வாக்கிய அமைப்பு ஆகியவற்றில். தமிழுக்கு இங்கே ஒரு படி கூடுதலாக வேண்டும். எழுத்துத் தமிழில் வாசித்துக் காட்டியது புரியாவிட்டால், அதையே வீட்டுப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ புரியாமல் ‘வந்துக்கிட்டிருக்காங்க’ புரிந்தால், பிள்ளைக்குத் தமிழ் தெரியும். எழுத்துத் தமிழ்தான் அந்நியமாக இருக்கிறது. இரண்டுமே புரியாவிட்டால் அது வாசிப்புச் சிக்கலே இல்லை, மொழிப் பழக்கம் இல்லாத சிக்கல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள், எல்லா இனத்தவரையும் சேர்த்த குடியிருப்பாளர்களில், 2.5 விழுக்காடு. ஆகவே இந்தக் கடைசி வகைப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதில் வியப்பில்லை.

வாசிப்பை இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கு அடிப்படை 1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் முன்வைத்த எளிய கணக்கு: சொல்லை வாசிக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றையொன்று பெருக்கினால்தான் வாசிப்பு. பெருக்கலில் ஒரு பக்கம் சுழி என்றால் விடையும் சுழி. மறுபக்கத்தை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை.

துணைப்பாட நிலையம்: எப்போது சரி

கருத்தறிதல் தாள்களைச் செய்யவைக்கும் வகுப்பு ஒரு வகைப் பிள்ளைக்கு நல்லதுதான். சொற்களைச் சரியாக வாசிக்கிறது, வேகமும் போதும், கேட்டால் புரிகிறது. ஆனால் சுயவிடைக் கருத்தறிதலில் பாதி விடை எழுதிவிட்டு நிறுத்துகிறது என்றால் அதற்குத் தேவை தேர்வுப் பழக்கம். அதை இந்த வகுப்புகள் நன்றாகத் தரும்.

மற்றவர்களுக்கு இது ஏன் பலிப்பதில்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 90 நிமிட வகுப்பு, எட்டு மாணவர்கள். விளக்கம், எழுதுதல், திருத்துதல் போக வாசிப்புக்கு நாற்பது நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முறைவைத்து வாசித்தால் ஒருவருக்கு ஐந்து நிமிடம். மீதி முப்பத்தைந்து நிமிடம் தன் முறை எப்போது வரும் என்ற படபடப்பில் போகும். திணறும் பிள்ளை தனக்கு வரப்போகும் பத்தியை முன்கூட்டியே எண்ணி, அதை மட்டும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் மற்றவர் வாசித்ததும் காதில் ஏறாது. வாரத்துக்கு ஐந்து நிமிடம் வாசித்து யாரும் வாசகர் ஆனதில்லை.

எந்த உதவியை எடைபோட்டாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்: ஒரு வாரத்தில் என் பிள்ளை எத்தனை நிமிடம் வாய்விட்டு வாசிக்கும், தவறினால் அந்த இடத்திலேயே யார் திருத்துவார்? நிலையம் தெளிவான எண் ஒன்றைச் சொன்னால் சேர்க்கலாம். “எல்லாருக்கும் வாய்ப்புத் தருவோம்” என்பது விடையாகாது. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகள் போன்ற சலுகைக் கட்டண வகுப்புகளைப் பற்றி விசாரிக்கும்போதும் இதையே கேளுங்கள். கட்டணம் குறைவு என்பது சேருவதற்கு நல்ல காரணம்தான். சோதனையைத் தவிர்ப்பதற்குக் காரணமல்ல.

எழுத்திலிருந்து மறுபடி தொடங்கும் முறையான பயிற்சி

தனிச்சொல் சோதனையில் தவறும் பிள்ளைக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 5 முதல் 10ஆம் வகுப்பு மாணவர்களைப் பார்த்தது. சொல் வாசிக்கும் திறன் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தவர்களின் கருத்தறியும் திறன் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஏறவில்லை. கருத்தறிதல் தாள் எத்தனை கொடுத்தாலும் அந்த வாசல் திறக்காது.

ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து உதவி கிடைக்கிறது. 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம், டிஸ்லெக்சியா உறுதியான பிள்ளைகளுக்கு ஆர்ட்டன்–கில்லிங்ஹாம் முறையை அடிப்படையாகக் கொண்ட வகுப்புகளை நடத்துகிறது. ஒலி, எழுத்து, சொல்லின் பகுதிகள் என்று படிப்படியாக, ஒன்றும் விட்டுப்போகாமல் போகும் முறை. முதலில் உளவியலாளரின் மதிப்பீடு வேண்டும். தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கட்டண உதவியும் உண்டு. தனியார் வல்லுநரிடம் போவதானால், பதின்ம வயதினருக்கு நீண்ட சொற்களைப் பிரித்து வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறாரா என்று கேளுங்கள். மூன்றெழுத்துச் சொற்களிலேயே மாதக்கணக்கில் நின்றால் பிள்ளை வெட்கப்பட்டு விலகிவிடும்.

தமிழுக்கு அப்படிப்பட்ட ஏற்பாடு அரிது. வீட்டிலோ தனி ஆசிரியர் மூலமோ நாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நல்ல வேளையாக, தமிழில் தடுக்கும் இடங்கள் குறைவு, அவை தெளிவாகவும் தெரியும். 247 எழுத்தையும் மறுபடி ஓதவைக்க வேண்டாம். உயிர்மெய் அட்டவணையைக் கலைத்துக் காட்டித் தவறுபவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாட்டுவது உகர, ஊகார வரிசைகள்தான். கு, டு, து, பு நான்கையும் பாருங்கள்: ஒரே ஒலிக்கு நான்கு உருவம். அடுத்து, கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்று ஒலியில் பின்னால் வரும் கெ, கே, கொ, கோ. ஆங்கிலம் இடமிருந்து வலமாக ஒழுங்காகப் போவதற்குப் பழகிய கண் இங்கே தடுக்கும். பிறகு ககர, சகர, டகர, தகர, பகரங்களின் ஒலி மாற்றம். ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ‘க’ ஒன்றுதான், ஒலி மூன்று. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை எழுத்தைத் தவறாக ஒலித்தாலும் சொல்லை அடையாளம் கண்டு தானே திருத்திக்கொள்ளும். மற்றதற்கு விதியாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும்: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை, மெல்லின எழுத்துக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஓசை, இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே இன்னும் மெலிந்த ஓசை.

இதற்கு மேல்தான் உண்மையான வேலை: நீண்ட சொல்லைப் பின்னாலிருந்து உரிப்பது. ‘பள்ளிக்கூடங்களிலிருந்து’ என்பதைக் கண்டதும் பிள்ளை ‘பள்ளிக்…’ என்று தொடங்கி நடுவில் தொலைந்துபோகிறது. ஓர் அட்டையால் ‘இருந்து’வை மறைக்கச் சொல்லுங்கள், பிறகு ‘இல்’, பிறகு ‘கள்’. மிஞ்சுவது ‘பள்ளிக்கூடம்’. அதை வாசித்துவிட்டு அட்டையை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால் முழுச் சொல்லும் வாயில் வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு விகுதி போதும்: கள், ஐ, ஆல், கு, இல், உடன், உம், ஆக, ஆன, ஆமல், கொண்டு, வேண்டும், கிறார்கள் என்று போனால் ஏழு எட்டு வாரத்தில் முக்கியமானவை முடிந்துவிடும்.

இந்த முறை தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘வீட்டில்’ என்பதில் ‘இல்’லை உரித்தால் ‘வீட்ட்’ என்று ஏதோ நிற்கிறது, ‘வீடு’ தெரிவதில்லை. மூன்று மாற்றங்களை அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்: மரம்–மரத்தில், வீடு–வீட்டில், ஆறு–ஆற்றில். அகராதியில் தேடியும் சொல் கிடைக்கவில்லை என்று பிள்ளைகள் கைவிடுவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்.

நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள், பத்து அல்லது பன்னிரண்டு வாரம். ஜூன் விடுமுறையின் நான்கு வாரத்திலோ ஆண்டிறுதி விடுமுறையின் ஆறு வாரத்திலோ இதைத் தொடங்கினால் முதல் வாரங்களில் பள்ளிப் பாடம் குறுக்கே வராது. ஒவ்வொரு அமர்விலும் கடைசிப் பத்து நிமிடம், அன்று கற்ற விகுதிகள் வரும் உண்மையான பத்தி ஒன்றை வாசிக்க வேண்டும். அட்டையில் சரியாக வாசிக்கும் பிள்ளை புத்தகத்தில் மறுபடி ஊகிக்கத் தொடங்குவது இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடுவதால்தான்.

சரளத்துக்கு வீடே போதும்

சொல்லைச் சரியாக வாசிக்கிறது, ஆனால் மிக மெதுவாக என்றால் கட்டண வகுப்புக்கு அவசரமில்லை. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைக்கும் முறையை சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர் 1979இல் எழுதினார், இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 150 சொல், தமிழில் 80 சொல் கொண்ட பகுதி. நீங்கள் ஒரு முறை வாசியுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து ஒரு முறை, பிறகு பிள்ளை தனியே மூன்று முறை. முதல் முறைக்கும் கடைசி முறைக்கும் மட்டும் நேரம் பாருங்கள். நான்காவது ஐந்தாவது முறைக்கு மேல் பலன் குறைந்து சலிப்புதான் கூடும். மொத்தம் பதினைந்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 75 நிமிடம். மேலே போட்ட ஐந்து நிமிடக் கணக்கோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கெடுவது எங்கே? கடிகாரத்தைக் கண்டதும் பிள்ளை பந்தயம் ஓடுகிறது. முற்றுப்புள்ளியில் நிற்பதில்லை, ஈறுகளை விழுங்குகிறது. ஒவ்வொரு முறை முடிந்ததும் “இது என்ன சொல்லுது, ஒரே வாக்கியத்துல சொல்லு” என்று கேட்டால் வேகம் தானாகத் தணியும். நூறு சொல்லில் ஐந்துக்கு மேல் தவறினால் பகுதி கடினம், வேறு எடுங்கள். இன்னொன்று: அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்தால் சண்டையில் முடிகிறது என்றால் அக்கா, மாமா, தாத்தா யாராவது உட்காரட்டும். வாய்மொழித் தேர்வில் வாய்விட்டு வாசித்தல் இருந்தால் அதற்கும் இதே பயிற்சி நேராக உதவும்.

பொருள்வாரியாக வாசித்தல்

கேட்டாலும் புரியாத பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சியும் வேகப் பயிற்சியும் பயன் தராது. அதற்கு உலகமும் சொல்லும் வேண்டும். 1988இல் ரெக்ட், லெஸ்லி செய்த ஆய்வில், பேஸ்பால் பற்றி நன்கு அறிந்த பலவீன வாசகர்கள், அந்த ஆட்டம் தெரியாத திறமையான வாசகர்களைவிட ஓர் ஆட்டத்தின் விவரிப்பை நன்றாக நினைவுகூர்ந்தார்கள். பொருள் தெரிந்தால் வாக்கியம் இளகும்.

ஆகவே ஒவ்வொரு வாரமும் தாவாமல், ஒரே பொருளில் இரண்டு வாரம் நில்லுங்கள். தண்ணீரை எடுத்துக்கொண்டால் நான்கு ‘தேசியக் குழாய்கள்’ இருக்கின்றன: நீர்பிடிப்புப் பகுதிகள், இறக்குமதி நீர், 2003இல் வந்த நியூவாட்டர், கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிய நீர். முதலில் ஆங்கிலத்தில் ஓர் எளிய கட்டுரையோ காணொளியோ. பிறகு அதையே தமிழில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். மூன்றாவதாகப் பிள்ளை தானே வாசிக்கட்டும். ஆங்கிலத்தில் சேர்ந்த அறிவு தமிழ் வாசிப்புக்குச் சாரம் கட்டிக்கொடுக்கும். ‘நீர்த்தேக்கம்’, ‘சுத்திகரிப்பு’ என்ற சொற்கள் ஆறேழு முறை திரும்பி வரும்போது தானாகப் பதியும். ஒரு முறை மட்டும் கண்ட சொல் பதியாது. பத்துச் சொல் எழுதி மனப்பாடம் செய்யும் பட்டியல்கள் வார இறுதியில் மறைவதும் அதனால்தான்.

தமிழ் முரசின் மாணவர் முரசு பக்கங்கள் இந்த வயதுக்குப் பொருந்தும். தேசிய நூலக வாரியத்தின் பல கிளைகளில் தமிழ்ப் பிரிவு உண்டு. ஆனால் நூலகத்தில் பிள்ளையை விட்டுவிட்டு ‘பிடித்ததை எடு’ என்பது திணறும் வாசகருக்கு உதவியாகாது. அது அட்டைப்படத்தைப் பார்த்து எடுக்கும், பத்துப் பக்கத்தில் மூடிவிடும். நீங்கள் மூன்று புத்தகம் எடுத்துவைத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கணினியே வாசித்துக் காட்டும் வசதியைப் பற்றியும் கேட்கிறார்கள். வரலாற்றுப் பாடம் பின்தங்காமல் இருக்க அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வாசிப்புப் பயிற்சிக்கு மாற்றாக அதை எண்ணக் கூடாது.

ஆங்கிலமா தமிழா, எது முதலில்?

இரண்டிலும் தனிச்சொல்லே தவறினால் ஆங்கிலத்தை முதலில் எடுங்கள் என்பது என் கருத்து. தமிழ் முக்கியமில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. மற்ற எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு வாரமும் தமிழில் வாசித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். தமிழில் மட்டும் திணறினால் மேலே சொன்ன விகுதிப் பயிற்சியும் வாசித்துக் காட்டுதலுமே போதும். தமிழ்ப் பாடத்தைக் கீழ்நிலைக்கு மாற்றும் பேச்சை ஒரு பள்ளித் தவணை முடியும்வரை தள்ளிவைக்கலாம். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி எழுத்துத் தவறுகள் வந்தால் மதிப்பீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு தவணை என்பது பத்து வாரம். அது முடிந்ததும் அதே மூன்று சோதனைகளைப் புதிய சொற்கள், புதிய பகுதிகளோடு செய்யுங்கள். தனிச்சொல் தவறு பாதியாகியிருந்தால் சரளப் பயிற்சிக்கு மாறலாம். கொஞ்சமும் குறையவில்லை என்றால், சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் பள்ளி அலுவலரைச் சந்தித்து மதிப்பீடு கேளுங்கள். தேசியத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி மூலமாகத்தான் சிங்கப்பூர் தேர்வுகள், மதிப்பீட்டுக் கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியும். வல்லுநரின் அறிக்கையும் இணைக்க வேண்டும். ஆகையால் உயர்நிலை இரண்டிலேயே கேட்டுவிடுவது நல்லது. தேர்வு ஆண்டில் தொடங்கினால் மதிப்பீட்டுக்குக் காத்திருப்பதிலேயே மாதங்கள் போய்விடும். சந்திப்புக்குப் போகும்போது பத்து வார நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்: தேதி, வாசித்த பகுதி, சரியான சொற்களின் எண்ணிக்கை, தவறிய சொற்கள் அப்படியே. ‘படிக்கவே மாட்டேங்குது’ என்ற முறையீட்டைவிட, ஒரே மாதிரித் தவறு நாற்பது முறை எழுதப்பட்ட அந்தப் பக்கங்களிலிருந்து உளவியலாளருக்கு அதிகம் தெரியவரும்.